தேதி மாறும் பாட்டில்

"இந்தத் தண்ணில ஒரு தடவ முகம் கழுவுங்க சார்," என்றாள் சுடர்க்கொடி. இங்குள்ள தண்ணீரைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் வேலையில் சேர்ந்த அன்று அவளிடம் அறைச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். பூங்காக் கழிப்பறைகளின் கழிவுநீரைச் சவ்வுகள் வழியே வடிகட்டி நீரூற்றுக்கு அனுப்பும் அறை அது. சவ்வு கிழிந்து பதினொரு நாளாகிறது. வெளியே பிள்ளைகள் நீரூற்றில் வாயைத் திறந்துகொண்டு ஆடினார்கள்.

மேற்பார்வையாளர் தங்கப்பாண்டி நீரூற்றுக் குழாயில் பிடித்து அவள் நீட்டிய குவளையைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். சவ்வு புதிதாக இருந்தபோது பிடித்துவைத்த தண்ணீர். சோதனைக்கு ஆள் வரும்போதெல்லாம் தேதிச்சீட்டை மட்டும் மாற்றுவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய சீட்டுகள் அட்டை போலத் தடித்திருந்தன.

"இன்னிக்குத் தேதியப் போட்டு ஒட்டும்மா. புதுச் சவ்வு வர்ற வரைக்கும்தான."

"அதுவரைக்கும் ஃபவுண்டன நிறுத்துங்க."

"ஞாயித்துக்கிழமைக் கூட்டம். நிறுத்துனா என் தலை உருளும். உங்க வீட்லயே நீதான் முதல் டிகிரி. அனுசரிச்சுப் போகப் படிக்கலையா?"

"அந்தப் பாடம் வைக்கல சார். நீங்க முகம் கழுவுங்க, நான் ஒட்டுறேன்."

அவர் கைக்குட்டையை எடுத்து, நனையாத முகத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

அவள் குவளையைப் பாட்டிலின் பக்கத்தில் வைத்தாள். நீரூற்றுக் குழாயின் வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றி, தன் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு வராத," என்றார் அவர்.

வெளியே நீரூற்று அடங்கிவிட்டிருந்தது. இன்னும் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்ற ஒரு பிள்ளையைக் கடந்து, வாசலை நோக்கி நடந்தாள்.