அம்மணப்பூ

மூப்பர் ஜெஃப்தா பஞ்சாயத்துக்கு வந்தது எந்த வருடம் என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பூ பூத்திருந்தது. அதனால் மார்ச் மாதம் என்பது மட்டும் உறுதி.

கெர்ட் தன் எலுமிச்சை மரத்தடியில் திகைத்து நின்றான்.

மரத்துக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே, அவனுடைய கொல்லைக்குள்ளேயே, இளஞ்சிவப்புப் பூக்கள் ஒரே வரிசையாக எழுந்து நின்றன. பேருக்குக்கூட ஓர் இலை கிடையாது. வெறும் தண்டு, உச்சியில் கொத்தாகப் பூ. ஊரில் அதற்கு அம்மணப்பூ என்றுதான் பெயர். மூப்பர் மட்டும் மார்ச் பூ என்பார்.

அது பக்கத்து வீட்டு ரகேலின் பூ. அவளுடைய வேலியோரப் பூவரிசையை அறியாதவர் ஊரில் இல்லை.

போன குளிர்காலத்தில் கெர்ட் மீன்படகில் போயிருந்தபோது வேலி காற்றில் சாய்ந்துவிட்டது. அப்படித்தான் ரகேல் சொன்னாள். திரும்பி வந்து கம்பங்களை நட்டவன் அவன்.

"கடல்ல ஏதுடா தம்பி நேர்கோடு? அதான் வேலி எம்பக்கமா கோணிப்போச்சு" என்றாள் ரகேல்.

"எங்கம்மா வெச்ச மரம்க்கா இது!"

மூப்பர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு பூவை முகர்ந்தார். கண்களை மூடினார்.

"இந்தக் கிழங்கைப் பிடுங்கி வேற இடத்துல வெச்சா ரெண்டு மூணு வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். பூக்காது. இப்படி மணக்குதுன்னா அது இடம் மாறல. வேலிதான் மாறியிருக்கு."

பழைய வரிசை எங்கே இருந்தது என்று கெர்ட்டால் காட்ட முடியவில்லை. குளிர்காலத்தில்தான் அதற்கு இலை வரும். அப்போது அவன் கடலில் இருப்பான். அவன் கரையேறுவதற்குள் இலை வாடி, கிழங்கு மண்ணுக்குள் தூங்கப் போயிருக்கும். வெறும் தரையைக் காட்டி என்னத்தை வாதாடுவது?

அன்றே கம்பங்களைப் பிடுங்கிப் பூவரிசையோரம் நட்டான். எலுமிச்சை ரகேலின் பக்கம் போயிற்று.

பொழுது சாய்ந்ததும் பூவின் வாசம் கூடியது. எலுமிச்சை பிழியாத மீனைக் கையில் எடுத்தவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

போன மார்ச்சில் இந்தப் பூ எங்கே பூத்தது?

வேலிக்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. அதற்கு முந்தைய மார்ச்சிலும் இல்லை. மழை போதவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் புத்தாண்டு நடுக்கோடையில், கிழங்கு தூங்கும் காலத்தில் வரும்; மறுநாள் ஊரே கடற்கரைக்குப் போவது வழக்கம். பூ பூக்காத முதல் மார்ச்சுக்குச் சற்று முன் வந்த புத்தாண்டில், ரகேல் மட்டும் பல்வலி என்று வீட்டில் தங்கிவிட்டாள். பாவம், மெல்ல முடியாதே என்று கெர்ட்தான் மெத்தென்ற மீனாகப் பார்த்து ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

தட்டை வாங்கிய கையில், நகக்கண்ணெல்லாம் மண்.

மூப்பர் அந்தக் குளிர்காலத்திலேயே காலமானார். ரகேல் சௌக்கியமாக இருக்கிறாள். எலுமிச்சை ஊறுகாய் போட்டால் கெர்ட்டுக்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிடுவாள்.

அடுத்த புத்தாண்டுக்கு மறுநாள் ஊர் திரண்டு கடற்கரைக்குக் கிளம்பியபோது கெர்ட் மட்டும் வரவில்லை.

அவனுக்குப் பல்வலி.