கயிறு பிடிக்கும் கை

"படகில் ஏறுங்க மேடம், ஆடாது" என்று மூன்றாவது முறையாகக் கூப்பிட்டான் கிங்ஸ்டன். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி விஜிலா அப்போதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"தண்ணியக் கண்டாலே பயம் போல" என்று படகுக்குள் இருந்த ஃபிராங்க்ளின் முணுமுணுத்தான். "இவங்கதான் கடலுக்குச் சட்டம் போட வந்திருக்காவ."

அதனால் கருவிச் சோதனையைப் படகுத்துறையின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டார்கள். படகு நகராமல் இருக்க ஃபிராங்க்ளின் ஒரு கயிற்றைக் கரைக்கு வீசினான். கிங்ஸ்டன் கை நீட்டுவதற்குள் விஜிலா அதைப் பிடித்து, பேச்சை நிறுத்தாமலே தூணில் சுற்றிக் கட்டினார்.

கருவி பார்க்கச் சாப்பாட்டு டப்பா மாதிரி இருந்தது. மில்லர்புரத்தில் ஒரு வாடகை மாடியில் நடக்கும் தன் சிறு நிறுவனத்தில் கிங்ஸ்டன் செய்தது. சங்கு குளிக்கிறவர் கடலடியில் விடும் மூச்சைக் காற்றுக்குழாய் வழியே அது கேட்டுக்கொண்டிருக்கும். மூச்சு நின்றால் தானே முடிவெடுத்து அலறும். ஆள் உயிர் விஷயத்தில் முடிவெடுக்கும் இப்படிப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையும் அரசு சோதித்துக் கையெழுத்துப் போடாமல் படகில் ஏற்றக் கூடாது. அந்தக் கையெழுத்துக்காக அவன் எட்டு மாதமாக அலைகிறான்.

"இது இருந்தா குளிக்கிறவர் இடுப்புக் கயிறைப் படகுல பிடிக்கத் தனியா ஒரு ஆளே வேண்டாம் மேடம்" என்றான் கிங்ஸ்டன்.

"அப்ப நான் என்னத்துக்கு? கருவாட்டுக்குக் காவலா?" என்று ஃபிராங்க்ளின் எழுந்துவிட்டான். "எங்களுக்குள்ள கயித்த மச்சினன் கையிலதான் குடுப்போம், மேடம். அத்தானுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அழப்போறது எங்க அக்கா. அந்தப் பயத்துலயே கை தூங்காது. இந்தப் பெட்டிக்கு அக்கா இருக்காளா?"

குளிக்கத் தயாராக இடுப்பில் கயிறு கட்டி நின்ற வளன் சிரித்தார். அவர்தான் அந்த அத்தான். "ஏலே, பெட்டியோட சண்டை போடாத. கயித்தப் பிடி."

"மேலே வரணும்னா என்ன செய்வார்?" என்று விஜிலா கேட்டார்.

"கயித்த ரெண்டு இழுப்பு இழுப்பாரு" என்றான் ஃபிராங்க்ளின்.

"மயங்கிட்டா?"

"கயித்துலயே உசிரு தெரியும் மேடம். அது கைக்குத்தான் தெரியும்."

வளன் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். அவர் இருந்த இடத்தில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

ஏழாவது நிமிடம் பெட்டி அலறியது. குமிழிகள் நின்றிருந்தன.

"பொய்" என்றான் ஃபிராங்க்ளின். "கயிறு சும்மாதான் கெடக்கு. அத்தான் சங்கு பொறுக்குதாரு."

"இழு!" என்று கத்தினார் விஜிலா. அவ்வளவு மெல்லிய உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஃபிராங்க்ளினின் கை தானாக இழுத்தது.

வளன் தலையை நீட்டிய வேகத்தில் குழாயைத் துப்பினார். "எதுக்குல இழுத்த? நல்ல வலம்புரி மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது. மண்ணு கலங்கக் கூடாதேன்னு கொஞ்சம் மூச்சடக்குனேன். கெடுத்துட்டியே!"

துறையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "பெட்டிக்குப் பேறுகால வலி" என்றான் ஃபிராங்க்ளின். கிங்ஸ்டனின் முகம் சுருங்கிப்போனது.

விஜிலா மட்டும் சிரிக்கவில்லை. வளன் படகில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஓர் ஆள் மேலே வர வேண்டியது போல.

"மேடம், நான் மாத்திடுறேன்" என்று கிங்ஸ்டன் கெஞ்சினான். "இப்ப பதினஞ்சு செகண்டுல கத்துது. நாற்பதாக்கிடுறேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது. இன்னைக்குப் பதிவையும் அழிச்சிடுறேன்."

"அழிக்கக் கூடாது" என்றார் விஜிலா. கோப்பைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். அனுமதி இல்லை என்றுதான் எழுதுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எழுதியதை வாசித்தார். ஆறு மாதச் சோதனைக்கு அனுமதி உண்டு. பதினைந்து விநாடி பதினைந்தாகவே இருக்க வேண்டும். தப்பாகக் கத்திய ஒவ்வொரு தடவையும் பதிவில் இருக்க வேண்டும். கருவி வந்துவிட்டது என்று கயிறு பிடிக்கிறவரை இறக்கிவிடக் கூடாது. தவறு நடந்தால் பதில் சொல்ல நிறுவனத்தின் பெயர் போதாது, கிங்ஸ்டன் தன் பெயரைப் போட வேண்டும்.

கிங்ஸ்டன் ஒரு நொடி யோசித்தான். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"இன்னும் ஒன்று" என்றார் விஜிலா. "கருவி கத்தினால் கயிறு பிடிக்கிறவர் யோசிக்கக் கூடாது. இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் கரைக்கும் பக்கத்துப் படகுகளுக்கும் சத்தம் போக வேண்டும்."

ஃபிராங்க்ளின் படகிலிருந்து துறைக்குத் தாவினான். கண் சிவந்திருந்தது.

"அப்ப எனக்கே காவலா? பன்னெண்டு வருசமா அத்தானுக்குக் கயிறு பிடிக்கேன். பெட்டி சொல்லித்தான் நான் இழுக்கணுமா? எங்க அக்கா தாலிய நானே அறுப்பனா? மச்சினன சந்தேகப்படுற சட்டத்த எந்த ஊருல எழுதுனீங்க? கடல்ல ஒரு நாளு நின்னிருக்கீங்களா நீங்க?"

"ஏலே, விடுல" என்று வளன் அவன் தோளைப் பிடித்தார்.

விஜிலா கோப்பை மூடினார். அதுவரை பேசிய சென்னைப் பேச்சு அவரிடமிருந்து கழன்று விழுந்தது.

"எங்க வீட்டுக்காரரு கடைசியா சங்கு குளிச்ச அன்னைக்கும் எந்தம்பிதாம்ல கயிறு புடிச்சான்."