கேடயத்தில் ஒரு வார்த்தை

ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே மேலாளர் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் கொடுத்த கேடயத்தை மனைவி ஆணியில் மாட்டினாள், அவர் கழற்றினார். மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினார்.

"உங்க பேருக்குக் கீழே 'ஹி ஸ்ட்ரோவ்'னு போட்டிருக்கே, அப்படின்னா என்னங்க?"

"ஸ்ட்ரைவ்ங்கிறதோட இறந்தகாலம். விடாம பாடுபட்டார்னு அர்த்தம். பேச்சுல யாரும் அவ்வளவா சொல்ல மாட்டாங்க."

"நல்ல வார்த்தையாத்தானே தேடிப் பிடிச்சிருக்காங்க! இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"பாடுபட்டார்னுதான் அது சொல்லும். ஏதாவது கிழிச்சாரான்னு சொல்லாது."

"அட, அந்தப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப் போகுது?"

அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். வருஷா வருஷம், பதவி உயர்வு கிடைக்காத ஒவ்வொருவரையும் தன் அறைக்குக் கூப்பிடுவார். தோளில் தட்டி, கம்பீரமாக, "யூ ஸ்ட்ரோவ்!" என்பார். ஏதோ பெரிய பாராட்டு என்று நினைத்து அவர்களும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போவார்கள். கதவு சாத்தியதும் அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

நேற்று வண்ணத்தாள் சுற்றிய கேடயத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவராக அவர் தோளில் தட்டினார்கள்.

பிரித்துப் பார்க்காமலே, அத்தனை பேருக்கும் அவர் தேங்க்ஸ் சொல்லியிருந்தார்.