மூன்று நிமிட ஒத்திகை

“அடுத்து யாரு? வாங்கம்மா, மூணு நிமிஷம்தான். சட்டுபுட்டுனு சொல்லிட்டு உட்காரணும்!”

சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்து கரண்டியால் டம்ளரைத் தட்டினார் கணவர். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு வயிற்றுக்கு மேல் மூட மறுத்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக், நாளெல்லாம் கிரீஸ் கறையோடு திரிகிற மனிதர், இன்று சாயங்காலம் மட்டும் நகரசபைத் தலைவர்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையற்கடை வைத்திருப்பவள், அளவு எடுக்கும்போதுகூட அதிர்ந்து பேசமாட்டாள். நாளை காலை பத்து மணிக்கு நகரசபைக் கூட்டத்தில் நிஜமான தலைவர் முன்னால் நின்று பேச வேண்டும்.

“ஐயா, நம்ம ஊர் ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இல்ல. வாரத்துல ரெண்டு நாளாவது ஒருத்தர் வரணும்…”

“சத்தமா! கடைசி வரிசைக்குக் கேக்கல.”

“கடைசி வரிசைல பூனைதாங்க படுத்திருக்கு.”

“அதுக்கும் காது இருக்கில்ல? ம், மேல சொல்லுங்க. கண்ணுக்கு டாக்டர் இருக்காரு, பல்லுக்கு இருக்காரு. மனசுக்கு எதுக்கும்மா டாக்டர்? எங்கயாவது போய் ரெண்டு நாள் காத்து வாங்கிட்டு வந்தா சரியாயிடும்.”

“கால் ஒடிஞ்சவனையும் காத்து வாங்கத்தான் அனுப்புவீங்களா?”

“சபாஷ்!” தலைவர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். உடனே தொண்டையைச் செருமி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். “அது கிடக்கட்டும். சாகணும்னு முடிவு பண்ணினவங்களை எந்த டாக்டர் வந்து தடுக்க முடியும்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை அவள் எழுதிக் கொடுக்கவில்லை.

“அது மாறாத முடிவு இல்லைங்க. அந்த நேரத்துல பக்கத்துல ஒருத்தர் இருந்து, ‘சாகலாம்னு தோணுதா?’ன்னு நேரா கேட்டு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, பிழைச்சு வர்றவங்கதான் நிறைய.”

“அப்படிக் கேட்டா, இல்லாத எண்ணமும் வந்துடாதா?”

“வராது. நானும் அதுக்குப் பயந்துதான் ஒருத்தர்கிட்ட ரொம்ப நாள் கேக்காம இருந்தேன். கேட்டதும் அவரு தேம்பித் தேம்பி அழுதாரு. ‘யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன்’னாரு.”

“அப்புறம்?”

“ஆறு மணி நேரம் பஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கூட்டம் அதிகம், ரெண்டு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. அந்த ரெண்டு மாசமும்…” கையிலிருந்த தாளை மேஜையில் வைத்துவிட்டாள்.

“நிறுத்தாதே.” தலைவரின் மிரட்டல் குரல் எங்கோ போயிருந்தது. “இங்க நிறுத்தினா அவங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அங்க இருந்த நர்ஸம்மா ஒருத்தங்க மட்டும் வாரா வாரம் போன் பண்ணி விசாரிச்சாங்க. அதைப் புடிச்சுக்கிட்டே அவரு கரையேறிட்டாரு. எல்லாருக்கும் அப்படி ஒரு நர்ஸ் கிடைப்பாங்களாய்யா? டாக்டர் இங்கயே இருந்தா, ஒரு மனுஷன் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் காத்திருக்க வேண்டாம்.”

தலைவர் மறுபடி கரண்டியால் டம்ளரைத் தட்டினார்.

“கதை நல்லாத்தான் இருக்கு. யாரும்மா அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க.”

“மாட்டேன். ஊர் நாலு விதமா பேசும். நாளைக்கும் அவரு வேலைக்குப் போகணும், நாலு பேர் முகத்துல முழிக்கணும். தலையே போனாலும் என் வாயால சொல்ல மாட்டேன்.”

தலைவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். எழுந்து வந்து அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தார்.

“நீ சொல்ல வேண்டாம். நாளைக்கு அவங்க அதைக் கேட்டதும், ‘நான்தாங்க அது’ன்னு நானே எந்திரிச்சு நிக்கிறேன்.”