கடைசிப் பத்தி

"இந்தப் பொய்யை எழுதச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

லௌவிலி கேட்ட வேகத்தில் அசெனாதி டீச்சரின் மேசை அதிர்ந்தது. ஊர்த் தலைவர்கள் சபையில் பேசிப் பழகிய குரல். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

அவர் கையில் கசங்கியிருந்த இரண்டு தாள்களை அசெனாதி பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள். அவர் மகள் லனுவோலா ஆக்லாந்து பள்ளியின் உதவித்தொகைக்காக எழுதிய கட்டுரையின் முதல் பிரதி. நல்ல பிரதி ஒட்டிய உறைக்குள், அசெனாதியின் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. பத்தரை மணி பஸ்ஸில் அது துறைமுகம் போய், கப்பலேறி, மாலைக்குள் தலைநகர் ஆபியாவில் சேர வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

அவள் உறையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உட்காருங்க ஐயா."

"உட்கார வரல. முதல் வரியைப் படிங்க, டீச்சரம்மா."

படிக்கத் தேவையில்லை, மனப்பாடமே ஆகியிருந்தது. 'என் நோட்டுகளை அப்பா சமையல் குழியில் போட்டு எரித்த அன்று, எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.' வகுப்பில் லனுவோலா ஒருத்திதான் முதல் வரியிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். மற்றவர்கள் ஊரில் உள்ள தலைவர் பட்டங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி வணங்கி, கடவுளுக்கு நன்றி சொல்லி, விஷயத்துக்கு வருவதற்குள் தாள் தீர்ந்துபோயிருந்தது.

"கட்டுரைன்னா இப்படித்தான் ஐயா தொடங்கணும். வணக்கமெல்லாம் சபைக்கு. ஆக்லாந்துல முன்னூறு கட்டுரை வந்து குவியும். ரெண்டாவது வரிக்கு அவங்களை நாமதான் இழுத்துட்டுப் போகணும்."

"அப்பனை இழுத்துத் தெருவுல போட்டா வருவாங்களோ?"

இப்போது அசெனாதிக்கும் கோபம் வந்தது. 'வெளிநாட்டு நண்பனுக்கு ஒரு கடிதம்' என்று பயிற்சி கொடுத்ததே அவள்தான். அதைக் காதல் கடிதம் என்று நினைத்து, சொந்தபந்தம் எல்லாம் பார்க்க, ஏழு நோட்டுகளை எரித்தவர் இந்த மனிதர்.

"எரிச்சீங்களா, இல்லையா?"

"எரிச்சேன்." குரல் கொஞ்சமும் தாழவில்லை. "இல்லன்னு யார் சொன்னா? அது உண்மை. கடைசிப் பத்தியைப் படிங்க!"

கடைசிப் பத்தியில் அப்பா பெரிய பாய் ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வெயிலில், மகள் முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தார். பெரும்பிழை செய்தவர்கள் பாதிக்கப்பட்டவர் வாசலில் அப்படி உட்காருவது சவாயித் தீவின் வழக்கம். மன்னித்தவர் வந்து பாயை விலக்கும் வரை எழக் கூடாது. 'நான் பாயை விலக்கினேன்' என்று கட்டுரை முடிந்திருந்தது. முதல் தடவை படித்தபோது அசெனாதி அழுதுவிட்டாள்.

"அழகா முடிச்சிருக்காளே ஐயா."

"நடக்கவே இல்ல!"

"என்னது?"

"கொலை பண்ணினவன் உட்காருவான் அப்படி. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு உட்காரும். அப்பன் மகளுக்கு உட்கார்ந்ததா எங்கயாவது கேட்டிருக்கீங்களா? எரிச்ச நாள்லேர்ந்து நான் அவகிட்ட ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்ல. ஒரு வார்த்தை!"

அசெனாதிக்கு முகம் சுட்டது. முடிவு நெஞ்சில் இறங்கவில்லை என்று மூன்று தடவை திருப்பிக் கொடுத்தவள் அவள். நாலாவதாக வந்தது இது. நடந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை.

"சரி. அந்தப் பத்தியை எடுத்துடறேன். இன்னும் நேரமிருக்கு."

"எடுத்தா என்ன மிச்சம்? மக நோட்டை எரிச்சவன். அப்படியே கடல் தாண்டிப் போய் நிக்கணுமா என் பேரு?"

"அப்ப முழுசையும் கிழிச்சுப் போடச் சொல்றீங்களா? அவ வாழ்க்கை ஐயா இது!"

"எங்க குடும்பப் பேரைத் தாங்கிட்டு ஒரு பொய் இந்தத் தீவை விட்டுப் போகாது. அவ்வளவுதான்." லௌவிலி தாள்களை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"இருபது நிமிஷம்." சொன்ன வேகத்தில் அசெனாதி உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என் கையை உடைச்சுத்தான் இதை எடுக்கணும் நீங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியேறினார். வண்டிக் கதவு அறையப்படும் சத்தம் கேட்டது.

ஆள் கூட்டி வரப் போகிறார். அசெனாதி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். பொய்யோ நிஜமோ, அந்தப் பெண் போயே ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் கதவைத் தட்டவில்லை. பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு குரல்கூட இல்லாமல் அடங்கிப்போயிருந்தது. ஏதோ சரியில்லை என்று சன்னலைத் திறந்தாள்.

லனுவோலாவின் வகுப்பு வாசலில், சுடு மண்ணில், ஒரு பாய் கூரை போலக் கவிந்திருந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

பாய்க்குள்ளிருந்து அதே கோபக் குரல் வெடித்தது.

"பஸ் வந்துடும் டீச்சர், அவளைக் கூப்பிடுங்க!"