பஞ்சாங்க அட்டை

சிப்காட்டின் காலைச் சங்கு ஊதி ஓய்கிறது. பீரோ ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த பழைய பஞ்சாங்க அட்டையை, ஜன்னல் வெயிலில் வைத்து ஈரப் பஞ்சால் ஒற்றுகிறாள் ஆய்வுக்கு வந்த சுசித்ரா. நைட் ஷிப்டு முடித்து வந்த திம்மராயன், சட்டைகூட மாற்றாமல் பக்கத்தில் நிற்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் கிருஷ்ணகிரியில் அச்சகம் வைத்து இந்தப் பஞ்சாங்கங்களைப் போட்டவர் அவருடைய தாத்தா. ஊறிய அட்டை தாள் தாளாகப் பிரிகிறது. ஒவ்வொரு தாளிலும் கறுப்பு எழுத்து எழும்புகிறது: ‘கள்ளுக்கடை மறியலுக்குத் திரண்டு வாரீர்.’ “தடை பண்ண நோட்டீசு சார். போலீசு கண்ணுல படக்கூடாதுன்னு அட்டையாவே ஒட்டி வெச்சிருக்காரு. மத்த பஞ்சாங்கமெல்லாம் இருக்குதா?” “இருக்குதும்மா, ஒண்ணுகூட வீணாக்கல” என்று அலமாரியைத் திறக்கிறார். முப்பது வருஷத்துப் பஞ்சாங்கங்கள், திம்மராயன் ஆசையாகப் போட்ட புது பைண்டிங்கில் பளபளக்கின்றன. சுசித்ரா நிமிர்கிறாள். “பழைய அட்டைங்க சார்?” பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. திம்மராயன் கொல்லை அடுப்புப் பக்கம் திரும்பாமலே சொல்கிறார்: “போன மார்கழில ஒரு வாரம் வெந்நீர் அதுலதாம்மா காய்ஞ்சுது.”