டியூ டு ஃபீவர்

அமுதவல்லி மூன்று நாள் வராததற்குக் காரணத்தை இங்கிலீஷில் எழுதித் தராவிட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் தனசேகர் சொல்லிவிட்டான். அந்தக் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் டிகிரி முடித்தவள் அவள் ஒருத்திதான். தையல் லைனில் இருக்கிற எல்லோருக்கும் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவள்தான். புருஷன் அடித்து முகம் வீங்கினாலும் சரி, பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் சரி, 'டியூ டு ஃபீவர்' என்றே எழுதுவாள். காய்ச்சலென்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

"ஒனக்கும் காய்ச்சல்னே எழுதிட்டுப் போயேன்டி, பட்டதாரி," என்றாள் பக்கத்து மெஷின் ஸ்டெல்லா. "துணி ஸ்டோர்ல அவன் கைய வச்சான்னு எழுதுனா எவன் நம்புவான்?"

"நம்பச் சொல்லி எழுதலக்கா. காரணம் கேட்டான்ல, சொல்றேன்."

'டியூ டு' என்று எழுதி, அதற்கடுத்து தனசேகரின் பெயரை இனிஷியலோடு எழுதினாள். அவன் செய்ததையும் செய்த தேதியையும் எழுதினாள். இரண்டு பிரதிகளைக் கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்தாள்.

"ஃபீவர்தானே?" என்று சிரித்தபடி, வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக இரண்டிலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

தன் பிரதியை எடுத்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள் அமுதவல்லி.

"இப்பப் படிங்க சார்."